ஆத்தங்குடித் தரை, ஸ்வீடன் சோபா, ஜப்பான் திண்ணை: சென்னை ஃப்ளாட்டுக்கு எந்தக் கலவை ஒத்துவரும்?

புது ஃப்ளாட்டின் சாவி கைக்கு வரும் நேரத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான். கணவர் போனில் வெள்ளைச் சுவரும் வெளிர் மரமுமாக ஸ்காண்டிநேவிய வீடுகள். மனைவி சேமித்து வைத்திருப்பது தரையோடு தரையாக உட்காரும் ஜப்பானிய அறைகள். மாமியாருக்குக் காரைக்குடி ஊஞ்சல் வந்தே தீர வேண்டும். கல்லூரி போகும் மகளுக்கு மொராக்கோ விளக்கு. இன்டீரியர்காரர் நாலு பேரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஃப்யூஷன் பண்ணிடலாம் மேடம்" என்று சொல்லிக் கிளம்புவார். எதை எதோடு, எவ்வளவு, எங்கே என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ 1,000 சதுர அடி, இரண்டு படுக்கையறை. ஹால் 11 அடிக்கு 18 அடி. மேற்குப் பார்த்த பால்கனி. தரையில் பில்டர் போட்டுக்கொடுத்த விட்ரிஃபைட் டைல். தளத்திலிருந்து கூரை பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தா பாட்டியோடு சேர்த்து ஐந்து பேர். இந்த வீட்டுக்குள் இரண்டு ஊர்ப் பாணிகளைக் கலக்க வேண்டுமென்றால் எந்த இரண்டு?

பாணி என்பது வெறும் தோற்றம் இல்லை. அது பிறந்த ஊரின் வெயிலும் குளிரும் அதற்குள் இருக்கும். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதப் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறை முழுக்கப் பரப்புவதற்காக அங்கே சுவர் வெள்ளை, மரம் வெளிர், திரை மெல்லியது. காலுக்குக் கதகதப்பாக இருக்கக் கம்பளி விரிப்பு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரிலேயே நமக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல். மே மாத மதியம் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னலைத் திறந்தால், பரப்புவதற்கு வெளிச்சம் போதவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே ஒவ்வொரு கலவையையும் மூன்று கேள்வி கேட்டுச் சலிக்கலாம். இந்த ஊர் ஈரக்காற்றுக்குத் தாங்குமா? இதைத் தினமும் யார் துடைப்பது? நம் வீட்டு ஆட்கள் இதில் எப்படி உட்காருவார்கள்? அழகா என்பது நாலாவது கேள்வி. படத்தில் பார்க்கும்போது எல்லாமே அழகுதான்.

கலப்பது நமக்குப் புதிதும் அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்த நகரத்தார், பர்மா தேக்கையும் இத்தாலிய மார்பிளையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கொண்டுவந்து காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் வைத்தார்கள். பக்கத்திலேயே முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்ற வரிசையை எந்த இத்தாலிய மார்பிளும் மாற்றவில்லை. கல்யாணம் எங்கே நடக்கும், ஆச்சி எங்கே உட்காருவார், அரிசி எங்கே காயும் என்பது முதலில் முடிவானது. வெளிநாட்டுச் சரக்கு அதற்குள் வந்து அடங்கியது. இன்றைய கலவைகள் பல சறுக்குவது இந்த வரிசை தலைகீழாகும்போதுதான்.

செட்டிநாடும் ஸ்காண்டிநேவியாவும்

இன்டீரியர்காரர்கள் முதலில் நீட்டும் கலவை இது. காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிவு. கறுத்த தேக்குப் பெட்டகம் ஒன்றின் அருகில் மெல்லிய கால்கள் கொண்ட வெளிர் நாற்காலி இரண்டு நின்றால், பெட்டகம் தன் இடத்தில் கம்பீரமாக இருக்கும். அறையும் மூச்சு விடும். அதே பெட்டகத்தோடு கறுப்புச் சோபா, கறுப்பு டீபாய், கறுப்பு டிவி அலமாரி என்று போனால் 11 அடி அகலம் ஏழு அடியாகத் தெரியும். செட்டிநாட்டு வளவே பெரும்பாலும் வெறுமையாக இருந்த இடம்தான். விசேஷத்துக்கு ஆட்கள் நிறைவதற்கான வெறுமை அது. சாமான் குறைவு என்ற ஸ்காண்டிநேவியக் குணமும் அதுவும் ஒத்துப்போகும்.

தூண் வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். செட்டிநாட்டுத் தூணின் அழகு அதன் உயரத்தில் இருக்கிறது. கூரையைத் தாங்குகிற வேலையில் இருக்கிறது. பத்தடிகூட இல்லாத கூரையில், ஃபால்ஸ் சீலிங் வேறு அடித்துவிட்டு, பிளைவுட்டைச் சுற்றிச் செய்த குள்ளத் தூண்கள் இரண்டை டிவிக்கு இரு பக்கமும் நிறுத்துவதைப் பார்த்தால் கல்யாண மண்டப மேடைதான் ஞாபகம் வரும். பழைய கதவு ஒன்று, பெட்டகம் ஒன்று, ஊஞ்சல் ஒன்று. இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஊஞ்சல் என்றால் கொக்கி கூரை ஸ்லாபின் கம்பியோடு சேர்ந்து நிற்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் ஃபிரேமில் மாட்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெரிய செலவும் பெரிய சந்தேகமும் தரையில்தான். காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் டைல் சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வொரு பூவுக்கும் இதழுக்கும் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் அந்த வழவழப்பு. கையால் செய்வதால் ஒரு டைலுக்கும் அடுத்ததற்கும் நிறம் இம்மி மாறும். அதைக் குறையாகப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

சிமென்ட் என்பதால் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், தயிர் எது சிந்தினாலும் உடனே துடைக்காவிட்டால் மேற்பரப்பு மங்கிப்போகும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வேலைக்கு வருகிற அக்கா ஒரே ஒருமுறை இந்தத் தரையில் ஊற்றினாலும் கதை முடிந்தது. வெறும் தண்ணீரில் துடைப்பதும், எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்ப்பதும் போதும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஆனால் புளிப்பு சிந்துகிற இடங்களான சாப்பாட்டு மேசையின் அடியிலும் சமையலறையிலும் இது வேண்டாம்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டைல் ஏறக்குறைய 20 மி.மீ. கனம். கீழே சாந்துப் படுகை 30 மி.மீ. இருக்கும் டைலின் மேலேயே போட்டால் தரை இரண்டு அங்குலம் உயரும். எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும். பால்கனி வாசற்படி மறைந்து மழைத்தண்ணீர் உள்ளே வரும். எடையும் சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவுக்குக் கூடும். ஸ்லாப் அதைத் தாங்குமா என்று கட்டட இன்ஜினீயரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. பழைய டைலைப் பெயர்த்தால் எடைப் பிரச்சினை குறையும். ஆனால் கீழ்வீட்டுக்காரரோடு நட்பும் குறையும். நடைமுறையில் சரியாக வருவது, வாசலை ஒட்டிய நாலடிக்கு ஆறடி இடத்தை மட்டும் பெயர்த்து, அங்கே ஆத்தங்குடி பதிப்பது. செருப்பு கழற்றும் இடத்திலிருந்து ஹால் தொடங்கும் வரை. மற்ற இடத்தில் பில்டர் டைல் இருந்துவிட்டுப் போகட்டும். ஐவரி நிறமாக இருந்தால் ஸ்காண்டிநேவிய வெளிர் மரத்தோடு அதுவே சேர்ந்துவிடும்.

வெளிர் மரம் என்றதும் பைன் என்பார்கள். பதப்படுத்தாத பைன் நம் ஊரில் உளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இழுப்பறை உப்பித் திறக்காது. பதப்படுத்திய ரப்பர் மரம் அதே வெளிர் நிறம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் விளைவது, விலையும் தேக்கைவிடக் குறைவு. அலமாரிகளுக்கு பிளைவுட் மேல் வெளிர் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டினால் போதும்.

வெள்ளைச் சுவர்? மேற்கு ஜன்னல் இருக்கும் ஹாலில் பளீர் வெள்ளை அடித்தால் பிற்பகல் முழுக்கக் கண் கூசும். பழைய வீட்டுச் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு மங்கல் இருக்குமே, அந்தச் சாயல் போதும். ஜன்னலுக்கு மெல்லிய வலைத்துணிக்குப் பதில் கெட்டியான பருத்தித் திரை. கம்பளி விரிப்பின் இடத்தில் பவானி ஜமுக்காளம்: கோடு கோடாக இருக்கும், துவைக்கலாம், வெயிலில் உதறலாம், ஸ்காண்டிநேவிய அறைக்கென்றே நெய்ததோ என்று தோன்றும். சோபாவுக்கு வெளிர்த் துணி ஆசைப்பட்டால் கழற்றித் துவைக்கிற உறைதான் வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் சாம்பல் நிறச் சோபாவின் முதுகு மூன்றே மாதத்தில் மூன்று வட்டங்கள் காட்டும்.

இந்தக் கலவை ஒட்டாத இணைப்பு என்று யாராவது சொன்னால் ஹான்ஸ் வேக்னரைச் சொல்லுங்கள். டென்மார்க்கின் பெயர்பெற்ற நாற்காலி வடிவமைப்பாளர். 1940களில் அவர் செய்த பல நாற்காலிகள் சீனத்து மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்துப் பிறந்தவை. அவற்றில் சிலவற்றுக்கு உட்காருமிடம் காகிதக் கயிற்றுப் பின்னல். நம் ஊர் ஈரத்துக்கு அதைவிடப் பிரம்புப் பின்னல் நல்லது. 1950களில் சண்டிகர் நகருக்காக ஸ்விஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த நாற்காலிகள் தேக்கும் பிரம்பும்தான். காற்று முதுகில் படும். அந்த மாதிரியில் செய்து தரும் ஆசாரிகள் சென்னையில் இருக்கிறார்கள்.

ஜப்பானும் நம் கோரைப்பாயும்

மேலே சொன்னது கண்ணுக்கு ஒத்த கலவை. இது பழக்கத்துக்கு ஒத்த கலவை. இரண்டு ஊரிலும் செருப்பை வாசலில் விடுகிறார்கள். இரண்டு ஊரிலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பாயில் படுத்தார்கள், காலையில் படுக்கையைச் சுருட்டி அறையைக் காலிசெய்தார்கள். சிறிய ஃப்ளாட்டுக்கு ஒரே அறை மூன்று வேலை செய்வதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

ஆனால் ததாமியை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். மரபான ததாமி ஐந்து, ஆறு செ.மீ. கனத்தில் வைக்கோலை அழுத்தி மேலே ஒருவகைக் கோரை நெய்து செய்வது. தரையிலேயே பதிந்து கிடக்கும். ஜப்பானிலேயே மழைக்காலத்தில் அதில் பூஞ்சை பிடிப்பது உண்டு. சென்னையில் ஆண்டு முழுக்க ஈரம். நம் கோரைப்பாய் பிழைத்ததற்குக் காரணம் அதைத் தினமும் சுருட்டினோம், வெயிலில் போட்டோம் என்பதுதான். தாமிரபரணிக் கரைப் பத்தமடையில் நெய்கிற மெல்லிய பாய் பட்டுத்துணி அளவுக்கு வழுக்கும். விரிக்கவும் எடுக்கவும் குழந்தையால்கூட முடியும். ஜப்பானிய அறைக்குத் தேவையான அதே நிறம், அதே வாசம்.

முழங்கால் என்று ஒரு விஷயம் இருக்கிறது. தாத்தா தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இருவர் வேண்டும். இங்கேதான் ஜப்பானியர்கள் கோஆகாரி என்று வைத்துக்கொள்ளும் மேடை கைகொடுக்கும். அறையின் ஒரு மூலையை மட்டும் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி உயர்த்தி, மேலே ததாமி போட்டு, அடியில் இழுப்பறைகள் வைப்பார்கள். இளையவர்கள் மேலே சம்மணமிடலாம். பெரியவர்கள் விளிம்பில் காலைத் தொங்கவிடலாம். பழைய மயிலாப்பூர் வீட்டில் வாசலில் இருந்த திண்ணை இதே வேலையைத்தான் செய்தது. ஹாலின் பால்கனி முனையில் 11 அடி அகலத்துக்கும் ஐந்தடி ஆழத்துக்கும் இப்படி ஒரு திண்ணை கட்டினால் சோபாவே தேவையில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் படுக்க இடம், அடியில் போர்வையும் கொலுப் படியும் வைக்க இடம். கொலு வைக்கும் வீடு என்றால் இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இதைக் கட்டும்போது இரண்டு ஆபத்து. முதலாவது மின்விசிறி. விசிறி எட்டரை அடியில் சுற்றும். 5 அடி 8 அங்குல ஆள் கையைத் தூக்கினால் ஏழடிக்கு மேல் எட்டும். திண்ணை மேல் நின்றால் விரல் இறக்கைக்குப் போய்விடும். அதனால் விசிறியின் நேர்கீழே திண்ணை வரக் கூடாது. அந்த மூலைக்குச் சுவர் விசிறி. இரண்டாவது ஜன்னல். மூன்றடியில் இருக்கும் ஜன்னல் விளிம்பு, திண்ணை மேல் ஏறிய குழந்தைக்கு ஒன்றரை அடிதான். கிரில் இல்லாத ஜன்னலை ஒட்டித் திண்ணை வேண்டவே வேண்டாம். பால்கனிக் கைப்பிடிச் சுவருக்கும் இதே கணக்கு. மேல்பலகையை இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள், பாயின் அடியில் காற்று போக வேண்டும்.

ஷோஜி என்கிற காகிதத் தடுப்புக்கு இங்கே வேறு ஏற்பாடு வேண்டும். கைக்குழந்தையும் பல்லியும் இருக்கும் வீட்டில் காகிதம் ஒரு வாரம் தாங்காது. அதே கட்டச் சட்டத்தில் காடாத் துணியோ பால்நிற அக்ரிலிக்கோ போட்டால் வெளிச்சம் அதே மென்மையோடு வரும். மேற்கு வெயிலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

டோகோனோமா என்ற சிறு மாடத்தில் ஜப்பானியர்கள் ஒரு தொங்கு ஓவியம், ஒரு பூ மட்டும் வைப்பார்கள். நம் வீட்டு விளக்கு மாடத்தை அங்கே வைத்துப் பாருங்கள், மாறுபாடே தெரியாது. ஒன்றே ஒன்று: விளக்கு ஏற்றினால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறும். மாடத்தின் உள்புறம் கடப்பாக் கல் பதித்துவிட்டால் துடைத்தால் போய்விடும்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்குப் பாண்டிச்சேரியில் பதில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வரைந்தவர் டோக்கியோவில் தொழில் செய்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். கூடவே இருந்து கட்டியவர்களில் ஒருவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமா. 1930களின் பிற்பாதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. முகப்பு முழுக்கத் திறந்து மூடும் கான்கிரீட் பட்டைகள், உள்ளே நகரும் தேக்குக் கதவுகள். ஏசி இல்லாமல் வங்கக்கடல் வெயிலைச் சமாளிக்கிற கட்டடம். ஜப்பானிய ஒழுங்கும் தமிழ்க் கடற்கரையும் சண்டையில்லாமல் சேர்ந்த இடம் அது.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வாபி-சாபி என்ற பெயரில் இப்போது சென்னையில் எதையும் விற்கலாம் போலிருக்கிறது. காலத்தாலும் கையாலும் வரும் குறையை ரசிப்பது ஒரு பக்குவம். மேஸ்திரி பூச்சை முடிக்காமல் விட்டுப்போன சுவருக்குச் சதுர அடி கணக்கில் கூடுதல் காசு வாங்குவது வேறு.

மொராக்கோ: அளவோடு

மரக்கேஷ் வீடுகளின் படத்தைப் பார்த்தால் நமக்குச் சொந்த ஊர் மாதிரி ஓர் உணர்வு வரும். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், தரையில் சிமென்ட் டைல், வெளியே வெறும் சுவர். உறவு உண்மைதான். ஆனால் மரக்கேஷ் காற்று வறண்டது. அடுக்கடுக்காய்க் கம்பளி விரிப்பு, தொங்கும் திரைகள், தரைமெத்தைகள் எல்லாம் அங்கே செல்லும். இங்கே அவை தூசிக்கும் ஈரத்துக்கும் வீடாகும். ஆஸ்துமா உள்ள வீட்டில் யோசிக்கவே வேண்டாம். துளையிட்ட பித்தளை விளக்கு திருவான்மியூர் உப்புக்காற்றில் சீக்கிரமே களிம்பு பிடிக்கும். ஒவ்வொரு துளையிலும் புளி போட்டுத் தேய்ப்பது யார்?

ஃபெஸ் நகரத்து ஸெல்லீஜ் என்பது மெருகிட்ட சுடுமண்ணைக் கையால் செதுக்கிப் பதிப்பது. அசல் சரக்கு விலை அதிகம். விளிம்புகள் ஒழுங்கில்லாததால் நம் போர்வெல் தண்ணீரின் உப்பு இடுக்குகளில் வெள்ளையாகப் படியும். அந்தத் தோற்றம் தரும் சாதாரண செராமிக் டைலை வாஷ்பேசின் பின்னால் மட்டும் பதித்தால் மகளின் ஆசையும் தீரும், பட்ஜெட்டும் தப்பும். பால்கனிக்கு மொராக்கோ ஜாலி, அதாவது துளைத் துளையான தடுப்பு, மிக நல்லது: காற்று வரும், வெயில் சல்லடையாகும், எதிர்வீட்டுப் பார்வை படாது.

மனதில் வைக்க வேண்டியது தடெலாக்ட். மரக்கேஷ் சுண்ணாம்பைப் பூசி, கல்லால் தேய்த்து, ஆலிவ் சோப்பால் மெருகேற்றித் தண்ணீர் இறங்காமல் செய்யும் பூச்சு. பாத்ரூம் சுவருக்கு இதைக் கேட்பவர்கள், பளிங்கோடு போட்டிபோடும் என்று 18, 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் வியந்த மெட்ராஸ் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை விசாரிக்கலாம். தெரிந்த கை கிடைப்பதுதான் சிரமம். செட்டிநாட்டுப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

யாரும் கேட்காத நாலாவது: இலங்கை

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளைச் சேர்த்துத் தனக்கென ஒரு வீட்டைச் செய்துகொண்டார். வெள்ளைச் சுவர், வழவழப்பான தரை, ஆங்காங்கே வானம் தெரியும் குட்டி முற்றங்கள், நடுவே டச்சுக் காலத்து மரச்சாமானும் செட்டிநாட்டுத் தூணும். இந்தப் பாணி நம் காற்றிலேயே பிறந்தது. எனவே முதல் கேள்வியில் முழு மதிப்பெண். ஆனால் இதன் உயிர் முற்றத்திலும் தோட்டத்திலும் இருக்கிறது. ஏழாவது மாடியில் அது இல்லை. நங்கநல்லூரிலோ மடிப்பாக்கத்திலோ தனிவீடு, கொஞ்சம் மண், தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி வைத்திருப்பவர்கள் வேறெதையும் பார்க்க வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளலாம். காவி ஆக்சைடு தரை இதோடு நன்றாகச் சேரும். ஃப்ளாட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தை மட்டும் கடன் வாங்கலாம்: வெள்ளை அறையில் ஒரே ஒரு பழைய கறுத்த சாமான். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பொறுமையாகச் சுற்றினால் கிடைக்கும்.

கேரள நாலுகெட்டுப் பாணியையும் பலர் கேட்கிறார்கள். மரச்சுவரும் மரக்கூரையும் ஃப்ளாட்டின் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு நிலவிளக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, எதை எடுப்பது?

ஹால் தமிழ்நாடு, படுக்கையறை ஜப்பான், குழந்தை அறை ஸ்வீடன் என்று அறைக்கொரு நாடாகப் பிரிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் ஃப்ளாட்டில் ஹாலில் உட்கார்ந்தால் மூன்று அறைக் கதவும் ஒரே பார்வையில் விழும். கதவு திறந்தே இருக்கும் குடும்பம் வேறு. தரை முழுக்க ஒரே குணத்தில் இருக்கட்டும். பெரிய மரவேலை எல்லாம் ஒரே மரநிறம். பித்தளையா, கறுப்பு இரும்பா என்று கைப்பிடிகளுக்கு ஒரே உலோகம். இந்த மூன்றும் நிலையாக இருந்தால், மேலே வரும் விருந்தாளிச் சாமான் எந்த ஊராக இருந்தாலும் வீடு ஏற்றுக்கொள்ளும்.

சாமி விஷயத்தில் கொஞ்சம் கவனம். செருப்பு அலமாரி மேல் புத்தர் தலை, கோயில் கதவை அறுத்துக் கண்ணாடி போட்ட டீபாய், இவையெல்லாம் படத்தில் நன்றாகத்தான் இருக்கும். நம் பூஜையறை விளக்கை ஒரு வெளிநாட்டுக்காரர் கழிவறையில் அலங்காரமாக வைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு வாங்கலாம். திறந்த சமையலறையும் அப்படித்தான். ஸ்காண்டிநேவியப் பட்டியலில் முதலில் வரும், ஆனால் கடுகும் மிளகாயும் தாளிக்கும் வீட்டில் வெளிர்ச் சோபா அதன் நேரெதிரே இருக்கக் கூடாது. நடுவில் கண்ணாடிக் கதவு ஒன்று போடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பதில் சுலபம். தரையும் சுவரும் நம் கையில் இல்லை. பாய், ஜமுக்காளம், தாழ்ந்த மேசை, துணித் தடுப்பு: ஜப்பான் கலவை ஒன்றுதான் டெம்போவில் ஏறி அடுத்த வீட்டுக்கும் வரும்.

நாம் எடுத்துக்கொண்ட அந்த ஐந்து பேர் குடும்பத்துக்கு என் முடிவு இது. அடித்தளம் ஜப்பானும் கோரைப்பாயும். பால்கனி முனையில் திண்ணை. வாசலில் நாலுக்கு ஆறு ஆத்தங்குடி. மாமியாரின் ஊஞ்சல் ஹாலில் ஒரே கனமான பொருளாக இருக்கட்டும். ஸ்லாபில் கொக்கி போட முடியாது என்று இன்ஜினீயர் சொன்னால் இரும்புச் சட்டத்தில் நிற்கும் ஊஞ்சல். கணவருக்கு வெளிர் ரப்பர் மர அலமாரி. மகளுக்கு வாஷ்பேசின் பின்சுவரும் பால்கனி ஜாலியும். ஸ்காண்டிநேவியாவை நான் முழுக்கத் தள்ளவில்லை. வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் இருந்து, பில்டர் டைல் போடும் முன்பே தரையை மாற்றச் சம்மதித்தால், ஊரிலிருந்து வரவேண்டிய பெட்டகமும் இருந்தால், செட்டிநாடு - ஸ்காண்டிநேவியா ஜோடி முந்திக்கொள்ளும். தரையில் உட்காரவே மாட்டோம் என்கிற வீட்டுக்கும் அதுதான்.

முடிவெடுக்கும் முன் தென்னிந்தியப் பழைய வீடுகளுக்கான அருங்காட்சியகமான முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கு ஒருநாள் குடும்பத்தோடு போய்வரலாம், செவ்வாய் விடுமுறை. செட்டிநாட்டு வீடும் கேரள வீடுகளும் அங்கே முழு அளவில் நிற்கின்றன. தூணின் உண்மையான உயரத்தை அண்ணாந்து பார்த்தால் பிளைவுட் தூண் ஆசை தானாக இறங்கும். திண்ணையில் தாத்தாவை உட்காரவைத்து எழச் சொல்லிப் பாருங்கள், உயரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

கொட்டேஷனில் "ஃப்யூஷன் தீம்" என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். திண்ணைக்கும் அலமாரிக்கும் பிளைவுட் ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம்) முத்திரை உள்ளதா, கரையான் மருந்து யார் பொறுப்பு, ஆத்தங்குடி பதிப்பவர் இதற்கு முன் அதைப் பதித்தவரா, உடையும் டைலுக்கு மாற்று எத்தனை கூடுதலாக வரும் என்பதெல்லாம் தனித்தனி வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். டைல் மாதிரி ஒன்றை முதலிலேயே வாங்கி, ஒரு மூலையில் புளித்தண்ணீர் சொட்டி, இன்னொரு மூலையில் நல்லெண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துப் பாருங்கள். மிச்ச டைலுக்கு ஆர்டர் கொடுப்பதை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம்.